முதியோர் பெருகும் சமூகத்தில் பணம் இருக்கும், ஆள் இருக்குமா?

மக்கள்தொகையில் முதியவர்களின் பங்கு கூடிக்கொண்டே போனால் பொருளாதாரம் என்ன ஆகும், குடும்பங்கள் என்ன ஆகும், இது உண்மையிலேயே பயப்பட வேண்டிய விஷயம்தானா என்பது கேள்வி. பயப்பட வேண்டிய பகுதி உண்டு. ஆனால் பலரும் பயப்படும் இடத்தில் அது இல்லை. பென்ஷன் பணம் தீர்ந்துவிடும் என்பதைச் சுற்றியே பேச்சு ஓடுகிறது. என் கணிப்பில், பணத்துக்கு முன்னால் தட்டுப்பாடு வரப்போவது ஆளுக்கு. படுக்கையில் கிடக்கும் ஒருவரைத் தூக்கி உட்காரவைக்க இரண்டு கைகள் வேண்டுமே, அந்தக் கைகளுக்கு. கொஞ்சம் சுற்றி வந்துதான் இதை விளக்க முடியும்.

முதலில் காரணம். மருத்துவம் வளர்ந்தது, ஆயுள் நீண்டது, அதனால் முதியவர்கள் பெருகிவிட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. ஆயுள் கூடத் தொடங்கிய காலத்தில் பெரும்பாலும் பிழைத்தது கைக்குழந்தைகள். அதனால் சமூகம் இளமையாகத்தான் ஆனது. ஒரு சமூகம் முதிர்வதற்கு முதன்மையான காரணம் பிறப்பு குறைவதுதான். 1960-களில் உலக அளவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 5 குழந்தைகள் பிறந்தன, இன்று 2.2 அல்லது 2.3. ஒரு தலைமுறை தன் எண்ணிக்கையை அப்படியே அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க 2.1 தேவை. தென்கொரியாவில் 2023-ல் இது 0.72-க்கு இறங்கியது. அந்த எண் என்ன சொல்கிறது என்று போட்டுப் பாருங்கள்: 200 பேர் கொண்ட தாத்தா பாட்டி தலைமுறைக்கு 72 பிள்ளைகள், 26 பேரப்பிள்ளைகள். அந்த 26 பேர்தான் நாளைக்கு வேலைக்குப் போகவேண்டும், வரி கட்டவேண்டும், மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கவேண்டும்.

இதில் வேகம் மிக முக்கியம். 65 வயதைக் கடந்தவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக இரட்டிப்பாக பிரான்ஸுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சுவீடனுக்குச் சுமார் 85 ஆண்டுகள். ஜப்பான் அதே தூரத்தை 1970-லிருந்து 1994-க்குள், 24 ஆண்டுகளில் கடந்தது. தென்கொரியா 2000-ல் 7 சதவீதத்தைத் தொட்டு, இருபது ஆண்டுகூட ஆகாமல் 14-ஐத் தாண்டி, 2024 இறுதியில் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. பிரான்ஸ் மூன்று நான்கு தலைமுறைகளாகப் பள்ளி, மருத்துவமனை, ஓய்வூதியம் என்று ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்திக்கொள்ள முடிந்தது. பின்னால் வருபவர்களுக்கு அந்த அவகாசம் கிடையாது. பணக்காரர் ஆவதற்கு முன்பே முதிர்ந்துவிடும் நாடுகளுக்கு நெருக்கடி இரட்டிப்பு.

சரி, பொருளாதாரத்துக்கு வருவோம். ஜப்பானில் அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் அடிக்கடி காட்டும் ஒரு படம் உண்டு. 1965-ல் ஒரு முதியவருக்கு 20 முதல் 64 வயது வரையுள்ளவர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். வெற்றி பெற்ற வீரரைக் கூட்டமாகத் தூக்கி மேலே போட்டுப் பிடிப்பார்களே, அந்த நிலை. 2012-ல் அது 2.4 பேர், மூன்று பேர் சேர்ந்து ஒருவரைச் சுமக்கும் பள்ளிக்கூடக் குதிரைப் போட்டி மாதிரி. 2050-ல் ஏறத்தாழ ஒருவர் தோளில் ஒருவர். பார்த்தவுடன் மனதில் ஒட்டிக்கொள்ளும் படம், ஆனால் முழு உண்மையைச் சொல்லாத படம். வயதை மட்டும் பார்த்து, இவர் சுமப்பவர், இவர் சுமை என்று பிரித்துவிடுகிறது. 1965-ன் அந்த ஒன்பது பேரில் எத்தனையோ பெண்கள் சம்பள வேலையில் இல்லை. இன்று பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். 65-லிருந்து 69 வயது வரையுள்ள ஜப்பானியர்களில் பாதிப்பேர் இன்னும் வேலை செய்கிறார்கள். 15 முதல் 64 வயதுக்காரர்களின் எண்ணிக்கை அங்கே 1995-ல் உச்சத்தைத் தொட்டு, பிறகு ஒரு கோடிக்கும் மேல் குறைந்துவிட்டது. ஆனாலும் குழந்தைகள், முதியவர்கள் உட்பட மொத்த மக்களில் 1995-ல் நூறு பேருக்கு 51 பேர் வேலையில் இருந்தார்கள் என்றால், 2024-ல் சுமார் 55 பேர் இருந்தார்கள். பகுதிநேர வேலை கூடியிருப்பதால் இதை அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாதுதான். என்றாலும் தோள்மேல் தோள் என்ற அந்தப் பயம் அவ்வளவு நேரடியானதல்ல என்பது தெளிவு.

ஓய்வூதியக் கதை எங்கிருந்து தொடங்கியது என்று பார்த்தால் இன்றைய சிக்கல் எளிதாகப் புரியும். 1889-ல் ஜெர்மனியில் ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் காலத்தில் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது தகுதி வயது 70. அந்த வயதை எட்டியவர்களே குறைவு. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் மாத ஓய்வூதியத்தை 1940 ஜனவரியில் வாங்கியவர் ஐடா மே புல்லர், வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அந்தத் திட்டத்தின் கீழ் மூன்று ஆண்டுகூட முழுதாக அவர் வேலை செய்யவில்லை. சம்பளத்தில் பிடித்தது மொத்தம் 24.75 டாலர். முதல் மாதக் காசோலையே 22.54 டாலர். இரண்டாவது மாதத்திலேயே போட்டது திரும்பிவிட்டது. அவர் நூறு வயது வரை இருந்தார்; வாங்கியது மொத்தம் 22,888.92 டாலர். அந்த அம்மாள் யாரையும் ஏமாற்றவில்லை. இன்று வேலை செய்கிறவர் கட்டுவது இன்றைய முதியவருக்கு, நாளை உங்களுக்கு நாளைய இளையவர் கட்டுவார் என்ற ஏற்பாடே அதுதான். கீழே ஆட்கள் பெருகிக்கொண்டிருக்கும்வரை அது எல்லாருக்கும் லாபம். 1950-ல் அமெரிக்காவில் ஒரு பயனாளிக்கு 16 பேருக்கு மேல் கட்டினார்கள்; 1960-ல் ஐந்து பேர்; இப்போது மூன்றுக்கும் குறைவு.

இந்தக் கணக்கைச் சரிசெய்ய மூன்று வழிதான்: அதிகம் கட்டுவது, குறைவாகக் கொடுப்பது, பின்தள்ளிக் கொடுப்பது. எல்லா அரசுகளும் இவற்றைத்தான் கலந்து செய்கின்றன. டென்மார்க் ஓய்வு வயதை ஆயுளோடு கட்டிவிட்டது. 2040-ல் அது 70. சீனா 2025 ஜனவரியிலிருந்து ஆண்களுக்கு 60-ஐ 63-ஆக, பதினைந்து ஆண்டுகளில், மெல்ல உயர்த்துகிறது. பிரான்ஸ் 2023-ல் 62-ஐ 64 ஆக்கியபோது லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கோபத்தைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. பதினெட்டு வயதில் சிமென்ட் மூட்டை தூக்க ஆரம்பித்தவருக்கும் இருபத்தாறு வயதில் கணினி முன்னால் உட்கார்ந்தவருக்கும் ஒரே ஓய்வு வயது என்பது காகிதத்தில் மட்டுமே சமம். உடலுழைப்பாளி சராசரியாகச் சீக்கிரமே இறந்தும் போகிறார். அதாவது, கட்டிவிட்டு வாங்காமலே போகிறார்.

அப்படியானால் ஆளாளுக்குச் சேமித்துக்கொண்டால் பிரச்சினை தீருமா? ஒரு குடும்பத்துக்குத் தீரும். முழு நாட்டுக்குத் தீராது. இதைத்தான் பெரும்பாலானவர்கள் தவறவிடுகிறார்கள். நாம் சேமிப்பது பணத்தை. பணம் என்பது வருங்காலத்தில் யாரோ செய்யப்போகும் வேலைக்கு நாம் இன்றே எடுத்துவைக்கும் சீட்டு. முப்பது ஆண்டு கழித்து எனக்கு மருந்து எடுத்துக்கொடுப்பதையோ என்னைக் குளிப்பாட்டுவதையோ இன்றே செய்து பெட்டியில் பூட்டிவைக்க முடியாது. அன்றைக்கு ஒருவர் வந்து செய்தால்தான் உண்டு. எல்லாரும் சீட்டோடு வரிசையில் நின்று, வேலை செய்ய ஆள் குறைவாக இருந்தால், சீட்டின் மதிப்பு இறங்கும். வட்டியும் விலைவாசியும் எந்தப் பக்கம் போகும் என்பதில் பொருளியலாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. 1938-லேயே ஆல்வின் ஹான்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், மக்கள்தொகை வளர்ச்சி தளர்ந்தால் முதலீட்டுக்கான தேவையும் தளர்ந்து பொருளாதாரம் தேங்கும் என்று எச்சரித்தார். ஆள் பற்றாக்குறையால் கூலியும் விலையும் ஏறும் என்று இன்று எதிர்ப்பக்கம் நின்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சண்டை எப்படி முடிந்தாலும், வேலை செய்ய ஆள் வேண்டும் என்பது மாறாது.

எந்த வேலைக்கு? அதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்காமல் இந்த விஷயத்தைப் பேசவே கூடாது.

எண்பத்தைந்து வயது, பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்ட ஒருவர். காலையில் எழுப்பியதும் முதல் வேலை நனைந்த டயப்பரை மாற்றுவது. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் துடைத்து, முதுகடியிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்திப் பார்த்து அந்தச் சிவப்பு போகவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்புறம் கைத்தாங்கலாக எழுப்பி, தலை சாயாமல் முட்டுக்கொடுத்து, கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். ஒரு வாய் தொண்டையில் இறங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த வாய்; அவசரப்பட்டால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். பிறகு மாத்திரை. இதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும், இன்னும் குளிப்பாட்டவில்லை. இரவிலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இதோடு மறதி நோயும் சேர்ந்துவிட்டால், பகலில் கண்ணயரவும் முடியாது.

இது ஒரு நாள் வேலையல்ல, ஆண்டுக்கணக்கில் நடக்கும். செய்வது யார்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் 5.7 கோடிப் பேர் டிமென்ஷியா எனும் மறதி நோயோடு வாழ்ந்தார்கள். 2019-ல் அதனால் உலகத்துக்கு ஆன செலவு 1.3 லட்சம் கோடி டாலர். அந்தத் தொகையில் பாதி, வீட்டில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் செய்த பராமரிப்பின் மதிப்பு. அப்படிப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் 70 சதவீதத்தைப் பெண்கள் கொடுக்கிறார்கள். மனைவி, மகள், மருமகள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இந்த வேலைக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அந்தப் பெண் வேலையை விட்டு வீட்டோடு இருந்தால், புள்ளிவிவரத்தில் அவர் வேலை செய்யாதவர்.

ஜப்பானில் பெற்றோர் முதலிய குடும்பத்தினரைப் பார்த்துக்கொள்வதற்காக ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் வேலையை விடுகிறார்கள். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். தொழிலில் கை தேர்ந்து, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வந்தவர்கள். அந்த வயதில் விட்ட வேலை திரும்பக் கிடைப்பது கடினம். ஓய்வூதியக் கட்டணம் நின்றுபோகிறது, சேமிப்பு கரைகிறது, இருபது ஆண்டு கழித்து அவர்களே ஏழை முதியவர்கள் ஆகிறார்கள். ஒரு தலைமுறையின் நோய் அடுத்த தலைமுறையின் வறுமையாக மாறுவது இப்படித்தான். பென்ஷன் விவாதங்களில் இந்தச் சங்கிலியை யாராவது எடுத்துப் பேசுகிறார்களா என்று நான் எப்போதும் தேடுவேன். அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

அதைவிட வருத்தமான எண் ஒன்று உண்டு. ஜப்பானில் ஒரே வீட்டில் இருந்து பார்த்துக்கொள்பவரும் பார்க்கப்படுபவரும், இருவருமே 65-ஐக் கடந்தவர்கள் என்ற நிலை 2022-ன் அரசுக் கணக்கெடுப்பில் 63.5 சதவீதம். இருவருமே 75-ஐக் கடந்தவர்கள் 35.7 சதவீதம். தன் முழங்காலே வலிக்கும் ஒருவர், இன்னொருவரைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். முதியவர்களைச் சுமை என்று பேசுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்: இந்தச் சுமையின் பெரும் பங்கைத் தூக்குவதே முதியவர்கள்தான்.

சம்பளத்துக்கு ஆள் வைத்தால்? அங்கே வேறொரு சிக்கல். பொருளியலாளர் வில்லியம் பாமோல் 1960-களில் சொன்ன கருத்து இங்கே கச்சிதமாகப் பொருந்தும். தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் செய்யும் பொருள் ஆண்டுதோறும் கூடுகிறது. ஆனால் நால்வர் சேர்ந்து வாசிக்கும் இசையை வாசிக்க இருநூறு ஆண்டுக்கு முன் நால்வர் வேண்டும், இன்றும் நால்வர் வேண்டும். ஊட்டுவதும் புரட்டிப் படுக்கவைப்பதும் அந்த ரகம். வேகப்படுத்தினால் தரம் மட்டுமல்ல, உயிரே போகும். மற்ற துறைகளில் சம்பளம் ஏறும்போது இங்கேயும் ஏற்றித்தான் ஆகவேண்டும். ஏற்றாவிட்டால் ஆள் வரமாட்டார்கள். ஜப்பான் அரசின் மதிப்பீட்டில் 2040-க்குள் 27.2 லட்சம் பராமரிப்பாளர்கள் தேவை; 2022-ல் இருந்தவர்களைவிட இது 5.7 லட்சம் அதிகம். கைக்குழந்தைகள் குறைந்து, டயப்பர் தயாரிப்பாளர்கள் பெரியவர்களுக்கான டயப்பருக்கு மாறிக்கொண்டிருக்கும் நாடு அது. டயப்பரைத் தயாரிக்க எந்திரம் போதும், மாற்றிவிட மனிதர் வேண்டும். தூக்கிவிடும் கருவிகளும் படுக்கையடி உணரிகளும் முதுகு வலியைக் குறைக்கின்றன, அது நல்லதுதான்; ஆனால் ஆளையே தேவையில்லாமல் செய்துவிடவில்லை.

வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்தால் பள்ளம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இத்தாலியில் முதியவர்களை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண்களில் ருமேனியா, உக்ரைன், மால்டோவாவிலிருந்து வந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கென்று ‘பாதாந்தே’ என்ற பெயரே புழக்கத்தில் வந்துவிட்டது. அவர்கள் ஊரில் விட்டுவந்த பிள்ளைகளைப் பாட்டிமார் வளர்க்கிறார்கள். அந்தப் பாட்டிகளை யார் பார்ப்பது? பல ஆண்டுகள் பிரிந்திருந்து திரும்பிய தாய்மார்களிடம் கண்ட மனச்சோர்வுக்கு உக்ரைன் மனநல மருத்துவர்கள் ‘இத்தாலி நோய்’ என்று பெயர் வைத்தார்கள்.

இனி வேலையிடம். வயதானவர்களால் உற்பத்தி குறையும் என்று எல்லாரும் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2007-ல் ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஆலையில் இதைச் சோதித்துப் பார்த்தது. பத்தாண்டு கழித்துத் தொழிலாளர்களின் சராசரி வயது என்னவாக இருக்குமோ அந்த வயதுக்கு, அதாவது 47-க்கு, ஒரு உற்பத்தி வரிசையை அமைத்தார்கள். என்ன மாற்ற வேண்டும் என்று தொழிலாளர்களிடமே கேட்டார்கள். சிமென்ட் தரைக்குப் பதில் மரத்தரை, பாதத்துக்கேற்ற காலணி, முடிதிருத்தும் கடையில் இருப்பது போன்ற நாற்காலி, சிறு பாகங்களைப் பார்க்கப் பூதக்கண்ணாடி, திரையில் பெரிய எழுத்து, இடையிடையே இடமாற்றம். சுமார் எழுபது சின்னச் சின்ன மாற்றங்கள். உற்பத்தித்திறன் 7 சதவீதம் உயர்ந்தது. எனக்கு அந்த மரத்தரைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும். வயதான தொழிலாளியின் முழங்கால்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தோம், தரை தப்பாக இருந்திருக்கிறது.

சமூகப் பக்கம் இன்னும் சில மாற்றங்கள் ஓசையில்லாமல் வருகின்றன. ஊர்கள் காலியாகின்றன, 2023 கணக்கெடுப்பில் ஜப்பானில் ஆளில்லா வீடுகள் 90 லட்சம். தொண்ணூறு வரை வாழும் பெற்றோரின் சொத்து, அறுபதைத் தாண்டிய பிள்ளைகளுக்குத்தான் வருகிறது. வீடு வாங்கவும் குழந்தை பெறவும் பணம் தேவைப்படும் முப்பது வயதில் வருவதில்லை. வாக்காளர்களில் முதியவர்கள் பெருகும்போது பள்ளிக்கான செலவுக்குக் குரல் கொடுக்க ஆள் குறையலாம். தனிமை இன்னொன்று. 2024-ல் ஜப்பானில் தனியாக வாழ்ந்து வீட்டிலேயே இறந்தவர்கள் 76 ஆயிரத்துக்கும் மேல், அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் 65-ஐக் கடந்தவர்கள். பலநாள் கழித்துத்தான் சிலர் இறந்ததே தெரிந்தது. நெதர்லாந்தின் டெவென்ட்டர் நகரில் ஒரு முதியோர் இல்லம் மாணவர்களுக்கு வாடகையில்லாமல் அறை கொடுக்கிறது. பதிலுக்கு மாதம் முப்பது மணி நேரம் முதியவர்களோடு நல்ல அண்டைவீட்டுக்காரராக இருக்க வேண்டும். மருத்துவப் பராமரிப்பு அவர்கள் வேலையல்ல. பேசுவது, கூட உட்காருவது, மின்னஞ்சல் அனுப்பச் சொல்லித்தருவது. சின்ன ஏற்பாடுதான், ஆனால் இரண்டு தலைமுறையின் தேவையையும் ஒரே கூரைக்குள் தீர்க்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? பிறப்பைக் கூட்ட அரசுகள் கொடுக்கும் ஊக்கத்தொகைகளால் பெரிய திருப்பம் எங்கும் வந்துவிடவில்லை. வந்தாலும் அந்தக் குழந்தை வேலைக்கு வர இருபது ஆண்டு ஆகும். நான் நம்புவது பராமரிப்பை வேலையாக எண்ணுவதை. ஜெர்மனி 1995-லும் ஜப்பான் 2000-த்திலும் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு கொண்டுவந்தன. ஜப்பானில் 40 வயதிலிருந்து எல்லாரும் அதற்குக் கட்டுகிறார்கள். மருமகளின் கடமை என்று விடப்பட்டிருந்த ஒன்று, எல்லாரும் கட்டிப் பெறும் உரிமை ஆனது. குறைகள் இல்லாமல் இல்லை. அங்கே பராமரிப்பு விடுப்பு ஒரு உறவினருக்கு மொத்தம் 93 நாள். படுத்த படுக்கை ஆண்டுக்கணக்கில் நீளும்போது 93 நாள் என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றும். தானே பார்த்துக்கொள்வதற்கல்ல, உதவிக்கு ஆளும் இடமும் ஏற்பாடு செய்வதற்குத்தான் அந்த நாட்கள் என்பது சட்டத்தின் நோக்கம். ஆனால் ஏற்பாடு செய்ய ஆள் கிடைத்தால்தானே.

ஜெர்மனியின் விதி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். பராமரிப்பு தேவை என்று மதிப்பிடப்பட்ட ஒருவரை வீட்டில் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம், இரண்டு நாட்களாகவாவது பிரித்துப் பார்த்துக்கொள்கிறீர்கள், வெளியே 30 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யவில்லை என்றால், உங்கள் பெயரில் ஓய்வூதியக் கட்டணத்தைப் பராமரிப்புக் காப்பீடு கட்டுகிறது. தொகை பெரிதல்ல. ஆனால் தாயைப் புரட்டிப் படுக்கவைக்க எழுந்த அந்த இரவுகள், அரசின் ஏட்டில் அந்த மகளின் பெயருக்கு நேரே வேலை நாட்களாகப் பதிவாகின்றன.